மண்ணுக்கு இட்ட பூண்

'கலம்' என்பது தமிழிலே பொருள்வளம் மிக்கதொரு சொல். குயவன் வனைந்தெடுக்கும் பாண்டமும் கலம். கடலை ஊடறுத்துச் செல்லும் தோணியும் கலம். கழுத்திலும் காதிலும் ஒளிரும் அணியும் கலம். மண், மரம், பொன் ஆகிய மூன்றும் தொழிலாலும் விலையாலும் ஒன்றுக்கொன்று வெகு தூரத்தில் நிற்பவை. அவற்றை ஒரே சொல்லில் அடக்கிய நம் முன்னோர், மண்ணைப் பொன்னினின்று அவ்வளவு தூரம் தள்ளி வைக்கவில்லைப் போலும்.

இம்மூன்று பொருளும் ஒருங்கே பொருந்துகின்ற ஒரு கலம் உண்டு. அது நம் நாட்டில் வனைந்ததன்று. ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர், ஜேர்மன் தேசத்துச் சக்சனி நாட்டிலே, எல்பா நதிக் கரையிலுள்ள மைசன் என்ற ஊரிற் செய்யப்பட்ட குவளை வகை அது. செம்மண்ணாற் செய்து, கல்லைப் போல் இறுகச் சுட்டு, கண்ணாடியைப் போல மெருகேற்றி, பொன்முலாம் பூசிய வெள்ளியாற் பூண் கட்டப்பட்ட குவளை. அதனைக் கையில் எடுத்துக் குடித்தவர் செல்வர். அதன் மண்ணைக் கண்டறிந்தவனோ சிறையில் இருந்தவன். இக்கட்டுரை அந்த இருவருக்கும் இடையே நிற்கின்ற குவளையைப் பற்றியது.

குவளையின் தோற்றம்

ஏறத்தாழ ஒரு சாண் உயரம். உருளை வடிவம், ஒருபுறம் வளைந்த கைபிடி. நிறம், முற்றிய மாதுளைத் தோலின் சிவப்பும் கபில நிறமும் கலந்தது. சில குவளைகளின் உடல் முழுவதும் மணிக்குப் பட்டை தீட்டுவது போலப் பட்டை தீட்டப்பட்டிருக்கும். வேறு சிலவற்றிற் கொடியும் இலையும் பூவுமாகச் செதுக்கு வேலை காணப்படும். இன்னுஞ் சிலவற்றின் மேலே கரிய மெருகு பூசி, அம்மெருகைச் சுரண்டி உள்ளிருக்கும் சிவப்பு வெளித்தோன்றுமாறு சித்திரம் வரைந்திருப்பர். அடியிலே ஒரு வெள்ளி வளையம், வாயிலே மற்றொன்று. மேலே குவிந்த மூடி. மூடி கைபிடியின் உச்சியிற் பிணைச்சலால் இணைக்கப்பட்டிருக்கும். குடிப்பவர் கைபிடியைப் பற்றியபடியே, மூடியில் நிமிர்ந்து நிற்கும் சிறு நாக்கைப் பெருவிரலால் அழுத்தினால் மூடி திறந்துகொள்ளும்.

ஜேர்மானியர் பியர் அருந்தும் குவளைக்கு மூடி இடுவது நெடுங்கால வழக்கம். ஈயும் தூசியும் விழாமற் காக்க எழுந்த அவ்வழக்கம், காலப்போக்கிற் கௌரவச் சின்னமாயிற்று. எளியோர் வீட்டுக் குவளைக்கு வெள்ளீய மூடி. செல்வர் வீட்டுக் குவளைக்கு வெள்ளி மூடி. அரச சபையில் அவ்வெள்ளிக்கும் மேலே பொன்முலாம். குவளையின் மூடியைப் பார்த்தே குடிப்பவரின் நிலையை அறிந்துகொள்ளலாம்.

இக்குவளை பிறந்த காலத்தைக் கலை வரலாற்றாசிரியர் 'பறோக்' காலம் என்பர். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஐரோப்பாவில் ஓங்கியிருந்த கலைப்பாணி அது. வடிவம் ஒழுங்கற்ற முத்தைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து அப்பெயர் வந்ததென்று பொதுவாகக் கூறுவர். மன்னார்க் கடலில் முத்துக் குளிப்பித்த அப்போர்த்துக்கேயரின் சொல், ஐரோப்பாவின் மாளிகைக்கும் மாதா கோவிலுக்கும் குவளைக்கும் பெயராய் நிலைத்தது. நேர்கோட்டை வளைப்பதும், வெறுமையை அலங்காரத்தால் நிரப்புவதும், காண்போரை வியப்பில் ஆழ்த்துவதும் அப்பாணியின் இயல்புகள். முடிமன்னர் தம் வலிமையை உலகுக்கு அறிவிக்க விரும்பிய காலம் அது. அரண்மனையின் தூண் முதல் விருந்து மேசையின் குவளை வரை யாவும் அந்த அறிவிப்புக்குக் கருவியாயின.

பூணின் பொருள்

பூண் கட்டுதல் நமக்கும் பழகிய செயலே. உலக்கை பிளவாதிருக்க அதன் நுனியில் இரும்புப் பூண் இடுகிறோம். முதியவரின் கைத்தடிக்கு வெள்ளிப் பூண் உண்டு. உருத்திராக்க மணிக்குப் பொற்பூண் கட்டுவது சைவர் வழக்கம். உலக்கையின் பூண் காவல். உருத்திராக்கத்தின் பூண் வழிபாடு. ஒரே சொல் ஒன்றிலே பயனையும் மற்றொன்றிலே போற்றுதலையும் குறிக்கிறது. ஐரோப்பியத் தட்டார் மட்கலத்துக்கு இட்ட பூணும் இவ்விரண்டையுமே செய்தது.

பயனை முதலில் நோக்குவோம். மட்கலம் எளிதில் உடைவது வாயிலும் அடியிலுமே. அவ்விரண்டு இடங்களையும் உலோக வளையம் காக்கும். மேலும், மண்ணிலே பிணைச்சல் அமைத்தல் இயலாது. மூடி வேண்டுமாயின் உலோகம் வேண்டும். குயவனின் தொழில் முடிகின்ற இடத்திலே தட்டானின் தொழில் தொடங்குகிறது.

போற்றுதலோ இன்னும் சுவையானது. தொலைவிலிருந்து வந்த எந்தப் பொருளுக்கும் ஐரோப்பியர் பூண் கட்டினர். தீக்கோழியின் முட்டைக்கும், கீழைக் கடல்களிலிருந்து சென்ற சங்கினப் பிராணியின் ஓட்டுக்கும் பொன்னும் வெள்ளியும் கட்டி மதுக் கிண்ணமாக்கினர். வாசகர் வியக்கக்கூடும்: தேங்காய்ச் சிரட்டைக்கும் அவர்கள் வெள்ளிப் பூண் கட்டினர். நம் வீட்டில் அகப்பையாகிப் பின்னர் அடுப்புக்குப் போகின்ற சிரட்டை, அங்கே செதுக்கு வேலை செய்யப்பட்டு, வெள்ளித் தண்டின்மீது ஏற்றப்பட்டுப் பிரபுக்களின் மேசையில் நின்றது. சிரட்டையின் இயல்பு இரு கரைகளிலும் ஒன்றே. இடையிலே கிடந்த கடலின் அகலமே அதன் விலையை ஏற்றியது.

அவ்வாறு பூண் பெற்றவற்றுட் சிறந்தது சீனத்துப் பீங்கான். 14ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பாவை அடைந்த சீனச் சாடி ஒன்றுக்குப் பொன்முலாம் பூசிய வெள்ளிப் பூண் இட்டு, மூக்கும் கைபிடியும் மூடியும் பொருத்திக் கெண்டியாக மாற்றியிருந்தனர். 19ஆம் நூற்றாண்டில் அப்பூண்கள் கழற்றப்பட்டு மறைந்தன. சாடி மட்டும் இன்று அயர்லாந்தின் டப்ளின் நகரத் தேசிய நூதனசாலையில் இருக்கிறது. வெள்ளி போயிற்று, மண் எஞ்சியது. அது எண்ணத்தக்க செய்தி.

பீங்கான் என்னும் பேராசை

வாஸ்கொடகாமாவின் வழியைத் தொடர்ந்து போர்த்துக்கேயரும், 1602இல் நிறுவப்பட்ட கிழக்கிந்தியக் கம்பனியின் வாயிலாக ஒல்லாந்தரும் சீனக் கலங்களைக் கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றனர். வெண்மை, மென்மை, ஒளி ஊடுருவும் தன்மை, தட்டினால் மணியோசை ஆகிய இவை யாவும் கொண்ட அக்கலங்களைச் செய்யும் இரகசியம் ஐரோப்பியருக்குப் புலப்படவில்லை. பிரான்சிலும் இத்தாலியிலும் பலர் முயன்றனர், போலிகள் கிடைத்தன, உண்மைப் பீங்கான் கிடைக்கவில்லை.

இந்த ஆசைக்கு முற்றாக இரையானவன் சக்சனி நாட்டு மன்னன் ஓகஸ்டஸ். 1694இல் சக்சனியின் ஆட்சிக்கு வந்து, 1697இற் போலந்தின் முடியையும் சூடியவன். அவனது உடல் வலிமையை வியந்து 'வல்லவன் ஓகஸ்டஸ்' என்றழைத்தனர். தன்னைப் பீடித்திருப்பது பீங்கான் நோய் என்று அவனே எழுதியதுண்டு. 1717இல், பிரசிய மன்னனிடமிருந்து 151 சீனக் கலங்களைப் பெறுவதற்காகத் தன் படையின் 600 குதிரை வீரரை அவன் கொடுத்தான். அக்கலங்களுட் பெரிய சாடிகள் அவ்வீரரின் பெயராலேயே இன்றும் அழைக்கப்படுகின்றன. ஆனால் அவ்வறுநூற்றுவரின் பெயர்களை எவரும் சொல்வதில்லை. மண்ணையும் மனிதனையும் தராசின் இரு தட்டில் வைத்து நிறுத்த அந்த மன்னனின் நாட்டிலேதான் நமது செங்குவளையும் பிறந்தது.

சிறைப்பட்ட இரசவாதி

தாழ்ந்த உலோகத்தைப் பொன்னாக்கும் வித்தையை இரசவாதம் என்பர். நம் சித்தர் மரபிலும் அதற்கோர் இடமுண்டு. ஐரோப்பாவில் அது அரசரின் கருவூலத்தை நிரப்பும் நம்பிக்கையாக நெடுங்காலம் வாழ்ந்தது. 1682இற் பிறந்த யோகான் பிரீட்ரிக் பொட்கர் என்ற இளைஞன், பேர்லின் நகரத்து மருந்துக் கடை ஒன்றிலே தொழில் பயின்று கொண்டிருந்தான். பத்தொன்பது வயதில், வெள்ளி நாணயத்தைப் பொன்னாக்கிக் காட்டியதாகப் பெயர் பெற்றான். கைத்திறமையாற் செய்த அந்தச் சிறு ஏமாற்று அவன் வாழ்வையே விழுங்கிவிட்டது.

பிரசிய மன்னன் அவனைத் தேடினான். 1701இல் அவன் எல்லை கடந்து சக்சனியின் விற்றன்பேர்க் நகருக்கு ஓடினான். அங்கே ஓகஸ்டஸின் ஆட்கள் அவனைக் கைப்பற்றி டிரெஸ்டன் தலைநகருக்குக் கொண்டு சென்றனர். பொன் செய்து தரும் வரை விடுதலை இல்லை என்பது நிலை. 1703இல் தப்பியோடி ஒஸ்திரிய நாடு வரை சென்றவனைப் பிடித்து மீட்டு வந்தனர். 1706இற் சுவீடன் படை சக்சனிக்குள் நுழைந்தபோது, நாட்டின் பிற செல்வங்களைப் பாதுகாத்தது போலவே அவனையும் கோனிக்ஸ்டைன் மலைக்கோட்டையில் அடைத்து வைத்தனர். அரசனின் பார்வையில் அவன் மனிதனல்லன். இன்னும் திறக்கப்படாத ஒரு பொற்பேழை.

அவனைக் காத்தவர் ஓர் அறிஞர். எரன்பிரீட் வால்தர் பொன் சிர்ன்ஹவுஸ் என்ற அவர் கணித மேதை. ஸ்பினோசா, லைப்னிற்ஸ் ஆகிய தத்துவ ஞானிகளோடு நட்புக் கொண்டவர். பெரிய குழிவாடிகளாலும் வில்லைகளாலும் ஞாயிற்றின் ஒளியைக் குவித்து, உலையிலும் உருகாத மண்ணையும் கல்லையும் உருக்கி ஆராய்ந்து கொண்டிருந்தார். பொன் தேடி வீணாகும் இளைஞனின் கூர்த்த அறிவை மண்ணை நோக்கித் திருப்பியவர் அவரே. பிரைபேர்க் நகரின் சுரங்கத் தொழிலாளர் சிலர் உலை வேலைக்கு உதவியாக வந்தனர். ஆக, கணிதரின் அறிவும் மருந்துக் கடைப் பையனின் துணிவும் சுரங்கத் தொழிலாளரின் கைப்பழக்கமும் ஒரே உலையின் முன்னே கூடின.

டிரெஸ்டன் கோட்டையின் மதிலறை ஒன்றே அவர்களது ஆய்வுகூடம். அங்கு பணிசெய்த பவுல் வில்டன்ஸ்டைன் என்பவர், பிற்காலத்தில் எழுதிவைத்த குறிப்பிலே அவ்விடத்தின் கொடுமையை விவரித்திருக்கிறார். நிலம் சூடேறிப் பாதங்கள் கொப்புளங் கண்டன. ஒரு நாள் மன்னனே உலையைக் காண வந்தான். பொட்கர், தகதகவென்று எரிந்துகொண்டிருந்த உலையிலிருந்து ஒரு தேநீர்க் கெண்டியை வெளியில் எடுப்பித்து, அப்படியே குளிர்ந்த நீருள் இட்டான். பெரும் ஓசை எழுந்தது. கெண்டி உடைந்தது என்று மன்னன் எண்ணினான். எடுத்துப் பார்த்தபோது அது பழுதின்றி இருந்தது.

செம்மண்ணின் வெற்றி

பொட்கர் முதலிற் கண்டது வெண்பீங்கானன்று, செங்கலமே. சீனத்தின் யீசிங் என்ற ஊரிலே, மெருகு பூசாத செம்மண்ணால் தேநீர்க் கெண்டிகள் செய்வர். தேயிலையோடு அவையும் ஒல்லாந்தரின் கப்பல்களில் ஐரோப்பாவை அடைந்தன. டெல்ப்ட் நகரில் அரி டி மில்டே என்பவரும், இங்கிலாந்தில் எலர்ஸ் சகோதரரும் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே அவற்றைப் பின்பற்றிச் செங்கலம் செய்தனர். ஆயின், 1707 அளவில் டிரெஸ்டனிற் கிடைத்த செங்கலம் அவற்றையெல்லாம் விஞ்சிய வன்மை உடையதாயிருந்தது.

இதன் நுட்பத்தைச் சுருக்கமாகக் கூறலாம். சாதாரண மட்குடத்தைக் குறைந்த சூட்டிற் சுடுவர். அதன் துகள்களிடையே நுண்ணிய துளைகள் எஞ்சும். அதனாலேதான் நம் மட்பானையில் நீர் கசிந்து குளிர்கிறது. சூடு மிகும்போது மண்ணிலுள்ள சில பகுதிகள் உருகிக் கண்ணாடியாகித் துளைகளை அடைத்துவிடும். கலம் உருகிச் சரியாமலும், துளை எஞ்சாமலும் நிற்கின்ற அந்த நூலிழை எல்லையைக் கண்டுபிடிப்பதே வித்தை. இரும்புச் சத்து மிகுந்த நுண்ணிய செம்மண்ணைத் தக்க பொருளோடு கலந்து, மிகுந்த சூட்டிற் சுட்டபோது கிடைத்தது மண் என்று சொல்ல முடியாத ஒரு பொருள். மெருகு பூசாமலே அது நீரைத் தாங்கிற்று. அதனைத் தேய்த்தால் மணிக்கல்லைப் போல் ஒளிர்ந்தது. சூரியகாந்தக் கல்லின் பெயரால் அதனை அழைத்துப் பெருமைப்பட்டனர்.

செங்கலத்தின் வழியாகவே வெண்பீங்கானும் வந்தது. 1708ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் எழுதப்பட்ட ஆய்வுக் குறிப்பு இன்றும் உள்ளது. ஏழு மட்கலவைகளின் விவரம் அதிலுண்டு. வெண்களிமண்ணோடு அலபாஸ்டர் என்ற வெண்கல்லின் பொடியை வெவ்வேறு அளவிற் சேர்த்துச் சுட்டதில், சில வெண்மையாகவும் ஒளி ஊடுருவுவனவாகவும் வெளிவந்தன. அவ்வாண்டு ஒக்டோபரில் சிர்ன்ஹவுஸ் இறந்துபோனார். 1709 மார்ச்சிலே, சீனத்துக்கு நிகரான பீங்கான் செய்ய வல்லேன் என்று பொட்கர் மன்னனுக்கு அறிவித்தான். கண்டவர் கணிதரா, கைதியா என்ற வழக்கு அறிஞரிடையே அன்று தொடங்கி இன்றும் ஓயவில்லை. அவ்வழக்கு ஓயாமலிருப்பதே நன்று என்று தோன்றுகிறது. அறிவை ஒருவர் பெயரில் எழுதிவைப்பது எளிது. அது பிறந்த வழியோ பலர் கைகளின் வழி.

1710 ஜனவரியில் மன்னன் பீங்கான் தொழிற்சாலையை நிறுவி ஆணை பிறப்பித்தான். அவ்வாண்டு ஜூன் மாதம் அது மைசன் நகரத்து அல்பிரெக்ட்ஸ்பூர்க் கோட்டைக்குச் சென்றது. இரகசியத்தைக் காப்பதற்கு மலைமேற் கோட்டையிலும் ஏற்ற இடம் வேறில்லை. 1710ஆம் ஆண்டு லைப்சிக் சந்தையில் முதன்முதலாக மக்கள் கண்களுக்கு விருந்தானவை செங்கலங்களே. வெண்பீங்கான் 1713இலேதான் அச்சந்தையில் விற்பனைக்கு வந்தது.

தட்டார் இருவர்

செங்கலம் கிடைத்துவிட்டது, அதற்கு எவ்வுருவம் கொடுப்பது? இந்த இடத்தில் முதலாவது தட்டார் வருகிறார். யோகான் யாக்கோப் இர்மிங்கர் என்பவர் டிரெஸ்டன் அரச சபையின் பொற்கொல்லர். மண்ணுக்குப் புதிய வடிவங்களை அமைக்கும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. குயவருக்குக் குயவரே வழிகாட்டாது பொற்கொல்லரை அழைத்தது ஏன்? அரசனின் மேசையில் அதுகாறும் நின்றவை வெள்ளிக் கலங்கள். அவற்றுக்கு அருகில் நிற்க வேண்டுமானால் மண் வெள்ளியின் மொழியைப் பேச வேண்டும். ஆகவே வெள்ளிக் குவளையின் மடிப்பும் விளிம்பும் வளைவும் செம்மண்ணிற் பிறந்தன. பொகீமிய நாட்டுக் கண்ணாடி வெட்டுநர் வந்து, சுழலும் சக்கரத்திலே அதற்குப் பட்டை தீட்டினர். மார்ட்டின் ஷ்னெல் என்ற அரக்குச் சித்திரக்காரர் சில கலங்களுக்குப் பொன்வண்ணக் கோலம் தீட்டினார். இத்தனை பேரும் உழைத்தது, மண் மண்ணாகத் தோன்றாதிருக்கும் பொருட்டு.

இரண்டாவது தட்டார் பூண் கட்டியவர். மைசன் குவளைகள் பல, தென் ஜேர்மனியின் அவுக்ஸ்பூர்க் நகருக்குச் சென்று பூண் பெற்றன. அக்காலத்தில் ஐரோப்பாவின் தலைசிறந்த வெள்ளி வேலைக்குப் பெயர் பெற்ற நகர் அது. அங்கே எலியாஸ் ஆதாம் என்ற கைவல்லுநர் மைசன் கலங்களுக்குப் பூண் கட்டுவதிற் புகழ் பெற்றிருந்தார். அவரது வேலையின் சிறப்பு, பூண் கலத்தை விழுங்கிவிடாதிருத்தல். மண்ணின் அழகு தெரியுமாறு விளிம்பளவில் நின்றுவிடும் வெள்ளி, அங்கே தன் இலையையும் கொடியையும் படரவிடும். எங்கே நிறுத்த வேண்டும் என்று அறிவதும் கலையன்றோ?

பொன்முலாம் பூசும் முறையையும் இங்கே சொல்லியாக வேண்டும். பொன்னை இரசத்திற் கரைத்துக் களிபோலாக்கி வெள்ளியின்மீது பூசுவர். பின்னர் அனலிற் காட்டுவர். இரசம் ஆவியாகிப் போய்விடப் பொன் மட்டும் வெள்ளியோடு ஒட்டி நிற்கும். அந்த ஆவி நஞ்சு. அதைச் சுவாசித்த தொழிலாளரின் கை நடுங்கிற்று, பல் விழுந்தது, ஆயுள் குறைந்தது. இரசத்தைக் கொண்டு பொன் செய்ய முயன்ற இரசவாதி தோற்றான். ஆனால் அவன் கண்ட மண்ணைப் பொன்னால் அணி செய்வதற்கும் இரசமே வேண்டியிருந்தது. பொன் தேடப் புகுந்தவன் குயவனாகிவிட்டான் என்று அவனது வாழ்வைக் குறித்து ஒரு கேலி வழங்கியதாகச் சொல்வர். அக்கேலியை ஒரு செங்குவளை எதிர்கொள்கிறது. மண் பொன்னாகவில்லை, பொன் மண்ணைச் சுற்றிக் கைகட்டி நின்றது.

பெயர் எங்கே?

இப்போது குவளையைத் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்போம். வெள்ளிப் பூணின் ஓரத்திலே நுண்ணிய முத்திரைகள் காணப்படும். பைன் மரக் காயின் உரு அவுக்ஸ்பூர்க் நகரின் முத்திரை. வெள்ளி கலப்படமற்றது என்பதற்கு நகரம் தந்த உறுதி அது. அதற்கு அருகில் இரண்டு எழுத்துக்கள் பூண் கட்டிய தட்டாரின் பெயரைக் குறிக்கும். சட்டப்படி அவர் தம் வேலைக்குப் பொறுப்பாளி. ஆகவே அவர் பெயர் அழியாது நின்றது. செம்மண்ணின் அடியிலோ, பெரும்பாலான கலங்களில், தொழிற்சாலையின் குறிகூட இல்லை.

பின்னர் 1720களில் மைசன் வெண்பீங்கானுக்கு ஒரு குறி வந்தது. குறுக்கே வைத்த இரு வாள்கள். இன்றும் மைசன் கலங்களின் அடியில் நீலத்திற் காணப்படுவது அதுவே. சக்சனி அரசின் மரபுச் சின்னத்திலிருந்து எடுக்கப்பட்டது அக்குறி. முதலிற் பெயரின்றி இருந்த மண் பின்பு பெயர் பெற்றது. அது உடையவனின் பெயர், செய்தவனின் பெயரன்று.

பொட்கருக்கு 1714இல் விடுதலை கிடைத்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாக உலையின் புகையும் சிறையின் இருளும் மதுவும் அவன் உடலைத் தின்றுவிட்டிருந்தன. 1719 மார்ச் 13ஆம் நாள், தன் முப்பத்தேழாம் வயதில், அவன் இறந்தான். அவன் காத்த இரகசியமும் அவ்வளவில் நிற்கவில்லை. அவனுடைய உதவியாளர் சிலர் வியன்னாவுக்கு ஓடி, அங்கே 1718இல் நிறுவப்பட்ட தொழிற்சாலைக்கு அதைக் கொடுத்துவிட்டனர். கோட்டை மதிலாலும் சத்தியப் பிரமாணத்தாலும் அடைத்து வைத்த அறிவு ஐம்பது ஆண்டுகளுக்குள் ஐரோப்பா முழுவதும் பரவிற்று. மனிதனை அடைத்து வைத்தவர் அறிவை அடைத்து வைக்க இயலவில்லை.

வெண்பீங்கானின் புகழ் ஓங்க ஓங்கச் செங்கலத்தின் பெருமை மங்கிற்று. வெண்மைக்கு மேலே வண்ணம் தீட்டலாம். சிவப்புக்கு அத்தகைய வசதி குறைவு. 18ஆம் நூற்றாண்டின் முதற்பாதியிலேயே செங்கலம் செய்வது நின்றுபோயிற்று. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலே மைசன் தொழிற்சாலை அதனை மீண்டும் ஆராய்ந்து உயிர்ப்பித்து, பொட்கரின் பெயரையே அதற்கு இட்டது. இருநூறு ஆண்டுகள் தாழ்ந்து வந்தாலும், மண்ணுக்கு அதனைக் கண்டவனின் பெயர் வந்து சேர்ந்தது. ஆனால் கொப்புளங் கண்ட பாதங்களோடு உலையூட்டியவர்க்கும், இரசத்தின் ஆவியை உண்டவர்க்கும் அவ்வாறு ஒன்றும் வந்து சேரவில்லை.

ஓகஸ்டஸ் சேர்த்த கலங்கள் இருபதினாயிரத்துக்கும் மேற்பட்டவை. அவற்றுள் எஞ்சியவை டிரெஸ்டனின் ஸ்விங்கர் மாளிகையில் இருக்கின்றன. 1945இல் அந்நகரம் குண்டுவீச்சினால் எரிந்தது. போருக்குப் பின்னர்ச் சோவியத் நாட்டுக்குக் கொண்டு செல்லப்பட்ட கலங்கள் 1958இல் திரும்பி வந்தன. ஊரைச் சாம்பலாக்கிய தீக்குப் பின்னரும், தீயிற் பிறந்த பொருள்கள் பல எஞ்சின. மன்னனின் முடி போயிற்று, அரசு போயிற்று, குதிரைப் படை போயிற்று. ஒரு சாண் உயர மண் இருக்கிறது.

அத்தகைய குவளையைக் காண்போரின் கண் முதலிற் செல்வது வெள்ளியின் மேலேதான். ஒளிர்வது அதுவே, பூண் இருப்பதும் அதற்காகவே. ஆயினும் வெள்ளியை உருக்கி இன்னொரு குவளைக்குப் பூணாக்கிவிடலாம். டப்ளின் நகரச் சாடியின் பூண்கள் போனது போல, இவையும் ஒருநாட் கழன்று போகலாம். சுட்ட மண்ணை மீண்டும் குழைத்தல் இயலாது. அதனை ஒருமுறைதான் செய்ய முடியும், உடைத்தால் உடைந்ததே. விலை மலிந்த பொருள் என்று நாம் எண்ணுகின்ற மண், மாற்றீடற்ற தன்மையிற் பொன்னினும் அரியதாகிவிடுகிறது. கலம் என்ற சொல்லுக்குள் பாண்டத்தையும் அணியையும் ஒன்றாக வைத்தவர்கள் இதை அறிந்திருந்தார்கள்.

நூதனசாலைகளில் இத்தகைய கலங்களின் அருகே சிறு சீட்டு ஒன்று இருக்கும். செய்த ஊர், செய்த ஆண்டு, பூண் கட்டிய தட்டாரின் பெயர், முன்னர் வைத்திருந்த பிரபுவின் பெயர் ஆகியன அதில் உண்டு. அதைப் படிக்கும் மாணவர், எழுதப்படாத பெயர்களுக்காகவும் ஒரு கணம் நிற்பாராயின், கலையைக் கற்றதன் பயனிற் பாதியை அப்போதே பெற்றவராவார்.